இருநூற்றுப் பத்து பெட்ஷீட்

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு அண்ணி திருடி ஆனாள்.

பத்து மணி வரை அவள் அந்த மருத்துவமனையின் அடித்தளத்தில் பதினோரு வருடமாகப் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, தேய்த்து, பத்துப் பத்தாகக் கட்டி, ஒன்பது வார்டுகளுக்கும் அனுப்பிக்கொண்டிருந்த சலவைக்கூடத்துப் பெண். பத்தேகாலுக்கு நிர்வாகி தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"ஆஸ்பத்திரிக்குச் சொந்தம் அறுநூறு பெட்ஷீட். இப்ப சுத்துல ஓடறது முன்னூத்தித் தொண்ணூறு. மீதி இருநூத்திப் பத்து எங்கேன்னு வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள தெரியணும். தெரியலேன்னா சனிக்கிழமை நீங்க வர வேண்டாம்."

அண்ணி படியிறங்கினாள். அவள் கீழே போய்ச் சேருவதற்குள் செய்தி மேலே ஏறிவிட்டது. தரைத்தளத்து டோக்கன் கவுண்டருக்கு அது வந்து சேர நாலு நிமிடம்கூட ஆகவில்லை.

கவுண்டரில் உட்கார்ந்திருந்தவள் அண்ணியின் நாத்தனார். மருத்துவமனை முழுக்க அவளுக்குப் பெயர் தியரி. தபால் வழியில் சமூகவியல் எம்.ஏ. படிக்கிறாள். கடைசிப் பரீட்சை வரும் சனிக்கிழமை. லிஃப்டில் நாலு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கதவையே பார்த்துக்கொண்டு நின்றால் அதற்கும் ஒரு கோட்பாடு சொல்வாள். கேட்கிறவர் அடுத்த மாடியிலேயே இறங்கி நடந்துவிடுவார்.

டோக்கன் மெஷினுக்குத் துணியைப் போட்டு மூடிவிட்டு அவள் அடித்தளத்துக்கு ஓடினாள்.

சலவைக்கூடம் வழக்கம்போல ஆவியில் மிதந்துகொண்டிருந்தது. இரண்டு ஆள் உயரத் துவைக்கும் மெஷின், பக்கத்தில் உலர்த்தும் டிரம், அதற்கும் அந்தப் பக்கம் சூடான இஸ்திரி உருளை. ஒரு பக்கம் ஈரத்துணியைக் கொடுத்தால் மறுபக்கம் அப்பளம் மாதிரி வந்து விழும். அண்ணி விழுவதைப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"அண்ணி, என்னதான் சொன்னாரு?"

"சொல்றதுக்கு என்ன, ரெண்டு வருஷமா எல்லாரும் மனசுல சொல்லிட்டிருந்ததை இவரு வாயால சொல்லிட்டாரு."

அது தியரிக்கும் தெரிந்த கதைதான். இரண்டு வருடத்துக்கு முன் கிழிந்துபோன ஒரு விரிப்பை, தரை துடைக்க ஆகுமே என்று, மேற்பார்வையாளரிடம் கேட்டுத்தான் அண்ணி வீட்டுக்கு எடுத்துப் போனாள். கேட்டது யாருக்கும் ஞாபகமில்லை. எடுத்துப் போனது எல்லோருக்கும் ஞாபகம். அன்றிலிருந்து அவள் 'பெட்ஷீட் ராணி'. வாசலில் காவலாளி நூறு பேரை விட்டுவிட்டு அவள் பையை மட்டும் திறந்து பார்ப்பார்.

"நான் கண்டுபிடிக்கிறேன்" என்றாள் தியரி.

"நீயா? போன வாரம் உன் செருப்பையே மூணு நாள் தேடினே."

"செருப்பு வேற அண்ணி. இது சமூகப் பிரச்சனை."

"சரிம்மா. சமூகத்தைக் கண்டா, இருநூத்திப் பத்தையும் அலசித் தரச் சொல்லு." அண்ணி ஒரு விரிப்புக் கட்டை இழுத்து இறுக்கினாள். "அதென்னமோ, போன மாசம் நீலக்கரை போட்டு அறுபது புதுசா வாங்கினாங்களாமே? அது இந்த அறுநூத்துல சேராது. ஆனா அதுவும் என் கண்ணுல படவே இல்ல. புதுத் துணின்னா கஞ்சி போக ஒரு தண்ணி இங்கதானே அலசியாகணும்."

தியரி அதைக் காதில் வாங்கினாள். மனதில் வாங்கவில்லை. அந்தத் தப்புக்கு இரண்டு நாள் விலை கொடுத்தாள்.

புதன்கிழமை காலை பாடப்புத்தகத்தின் இரண்டாம் அத்தியாயத்தோடு வேட்டையைத் தொடங்கினாள். முரண்பாட்டுக் கோட்பாடு. சமூகம் என்பது ஓயாத இழுபறி. எது நடந்தாலும் அதனால் யாருக்கு லாபம் என்று பார். யாருக்கு லாபம்? சோப்பும் ப்ளீச்சிங் தூளும் கொண்டுவரும் காண்டிராக்டருக்கு வேன் இருக்கிறது. வேனுக்குக் கதவு இருக்கிறது. கதவு எப்போதும் மூடியே இருக்கிறது. இது போதாதா?

உணவு இடைவேளையில் வேனின் பின்கதவைத் திறந்தாள். உள்ளே காலி டிரம்கள். அவற்றுக்கு நடுவே காண்டிராக்டர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா வேணும்?"

"டோக்கன் எடுத்துட்டீங்களான்னு கேக்க வந்தேன்."

"எனக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்றார் அவர், லேசான சந்தேகத்தோடு நெற்றியைத் தொட்டுப் பார்த்தபடி.

மாலையில் மூன்றாம் அத்தியாயம். செயல்பாட்டுக் கோட்பாடு. ஒரு வழக்கம் சமூகத்தில் நீடித்து நிற்கிறது என்றால் அதனால் ஏதோ ஒரு வேலை நடக்கிறது. விரிப்பு குறைவதால் என்ன வேலை நடக்கிறது? கவுண்டரில் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தவளுக்குச் சட்டென்று விடை கிடைத்தது. பிடிக்கவில்லை. வார்டில் விரிப்பு இல்லையா, அண்ணி. அழுக்கா, அண்ணி. தாமதமா, அண்ணி. ஒரே ஒருத்தி மேல் பழி போட்டுவிட்டால் மிச்சம் எல்லோரும் ஒற்றுமையாக இருக்கலாம்.

ஆறு மணிக்கு வாசலில் அதைக் கண்ணாலேயே பார்த்தாள். அண்ணி பையை மார்போடு அணைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, விறுவிறுவென்று வந்தாள். காவலாளி தியரியின் காதருகே குனிந்தார்.

"நடையைப் பாரு. மடியில கனம் இல்லாதவங்க இப்படியா நடப்பாங்க?"

"நீங்க ரெண்டு வருஷமா பையைப் பறிச்சதாலதாண்ணே அவங்க இப்படி நடக்கறாங்க."

"அப்படியும் சொல்லலாம்" என்றார் காவலாளி, பையைத் திறந்தபடி. உள்ளே சாப்பாட்டு டப்பா, குடை, ஒரு பாதி வாழைப்பழம்.

அது ஐந்தாம் அத்தியாயம்: முத்திரைக் கோட்பாடு. ஒருவரைத் திருடர் என்று முத்திரை குத்து. கொஞ்ச நாளில் அவர் திருடர் மாதிரியே நடப்பார். அதையே சாட்சி என்று காட்டு. ஆக, அண்ணி ஏன் அப்படி நடக்கிறாள் என்பது புரிந்துவிட்டது. பெட்ஷீட் எங்கே என்பது மட்டும் புரியவில்லை. மூன்று கோட்பாடு முடிந்தது. ஒன்றரை நாள்தான் பாக்கி.

வியாழக்கிழமை காலை ஒன்பதரை. கவுண்டரில் கூட்டம் நெரிந்தது. பக்கத்து எக்ஸ்ரே கவுண்டர்க்காரர் கண்ணாடித் துவாரத்தில் தலையை நுழைத்தார்.

"தியரி, டோக்கன் ரோல் ஒண்ணு கொடேன். எனக்குத் தீந்துபோச்சு."

"ஐயோ, என்கிட்டயும் இல்லையே. இருக்கறது இது ஒண்ணுதான்."

அவர் போய்விட்டார். தியரி அடுத்த ஆளுக்கு டோக்கன் கிழித்தாள். அதற்கடுத்த ஆளுக்குக் கை நீட்டியவள், நீட்டியபடியே நின்றாள்.

மேஜையின் கீழ் இழுப்பறையில், டிபன் பாக்ஸுக்குப் பின்னால், இரண்டு புது ரோல் இருந்தது. அவளே போன மாதம் வைத்தது. ஸ்டோரில் கேட்டால் எப்போதும் 'நாளைக்கு வாங்க' என்பார்கள். எதற்கும் இருக்கட்டுமே என்று வைத்தது. அவள் பொய் சொல்ல நினைக்கவில்லை. மனசு யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"டோக்கன், டோக்கன்" என்றார் எதிரே நின்றவர்.

கொடுத்தாள். ஒரு ரோலை எடுத்து எக்ஸ்ரே கவுண்டரில் வைத்தாள். "இருந்துச்சுங்க. ஒளிச்சு வெச்சிருந்தேன்" என்றாள். அவர் வாயைத் திறப்பதற்குள் மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வார்டு சிஸ்டர் பருத்த உடம்பு, கறாரான பேச்சு. பெட்ஷீட் பற்றி மருத்துவமனையிலேயே அதிகம் புகார் எழுதியவர் அவர்தான். தியரி நேராகப் போய் அவர் மேஜை முன்னால் நின்றாள்.

"சிஸ்டர், எங்க வெச்சிருக்கீங்க?"

"எதை?"

"நான் ரெண்டு டோக்கன் ரோல் வெச்சிருந்தேன். டிபன் பாக்ஸுக்குப் பின்னாடி. என்னோடதைச் சொல்லிட்டேன். உங்களோடதைச் சொல்லுங்க."

சிஸ்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுந்து, மருந்து அறைக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார். மூலையில் ஒரு மரப்பெட்டி. மேலே பெரிய எழுத்தில்: உடைந்த கண்ணாடி, தொடாதே.

மூடியைத் தூக்கினார். உள்ளே வெள்ளை வெளேரென்று, கோடு போட்டது மாதிரி அடுக்கி, இருபத்துநாலு விரிப்பு.

"இது திருட்டா?" என்றார் சிஸ்டர், குரலைத் தாழ்த்தி. "ஒண்ணே ஒண்ணு என் வீட்டுக்குப் போயிருந்தா என் கையை வெட்டு. நாலு மாசம் முன்னாடி துவைக்கிற மெஷின் ரெண்டு நாள் படுத்துக்கிச்சு, ஞாபகம் இருக்கா? ஆபரேஷன் முடிஞ்சு வந்த ஒரு பெரியவரை வெறும் ரெக்ஸின் மெத்தையில படுக்க வெச்சேன். முதுகு ஒட்டிக்கிச்சு. அவரு பொண்ணு என்னைக் கேட்ட கேள்வி இருக்கே. அதுக்கு மேல மெமோ வேற. அன்னைக்கு முடிவு பண்ணினேன், என் நோயாளி இன்னொரு தடவை அப்படிப் படுக்கக் கூடாதுன்னு."

"அதனால அனுப்பாம நிறுத்திக்கிட்டீங்க."

"நான் மட்டுமா? ஆறாவது வார்டுக்காரி பழைய ஆக்ஸிஜன் ரூமுல வெச்சிருக்கா. எட்டாவது வார்டுல உடைஞ்ச கட்டிலுக்கு மெத்தையே அதுதான். எல்லாரும் பதுக்கும்போது நான் ஒருத்தி யோக்கியமா இருந்தா, என் வார்டுதான் வெறும் மெத்தையில கிடக்கும். இதை மேல போய்ச் சொன்னே, உன்னைப் பாத்ததே இல்லைம்பேன்."

தியரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பரீட்சைக்கு முக்கியம் என்று பென்சிலால் கோடு போட்ட ஏழாம் அத்தியாயம் இங்கே மரப்பெட்டிக்குள் மடித்துக் கிடந்தது. ஒன்றை உண்மை என்று எல்லோரும் நம்பிவிட்டால், அது பொய்யாகவே இருந்தாலும், விளைவு உண்மையாகிவிடும். பெட்ஷீட் பத்தாது என்று ஒன்பது வார்டும் நம்பியது. நம்பியதால் பதுக்கியது. பதுக்கியதால் பத்தவில்லை. பத்தாததால், பார்த்தாயா, நான் அப்பவே சொன்னேனே என்று இன்னும் கொஞ்சம் பதுக்கியது. மெஷின் இரண்டே நாளில் சரியாகிவிட்டது. பயம்தான் நாலு மாதமாக ரிப்பேரில் கிடந்தது.

கீழே வந்து அண்ணியிடம் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள். "இப்பவே அட்மின் சார்கிட்ட போறேன். ஒன்பது இடமும் காட்டிடறேன். ஒரு மணி நேரத்துல உங்க பேர் சுத்தமாயிடும்."

அண்ணி இஸ்திரி உருளையை நிறுத்தினாள். பதினோரு வருடத்தில் வேலை நேரத்தில் அவள் அதை நிறுத்தி தியரி பார்த்ததில்லை.

"வேண்டாம்."

"என்ன அண்ணி வேண்டாம்?"

"நான் ரெண்டு வருஷமா சுமக்கறதை ஒன்பது பேர் தலைக்கு மாத்தி வைக்கச் சொல்றியா? ஒன்பது சிஸ்டருக்கும் மெமோ. வாசல்ல ஒன்பது பை. அதுவும் எவ்வளவு நாளைக்கு? இன்னைக்குப் பிடுங்கினா நாளைக்கு இன்னும் நல்ல இடமாப் பாத்து ஒளிப்பாங்க. நானா இருந்தா அப்படித்தான் செய்வேன்."

"அப்ப உங்க வேலை?"

அண்ணி ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். "எங்க பழைய தெருவுல வாரத்துக்கு ஒரு நாள்தான் குழாய்ல தண்ணி வரும். வீட்ல டம்ளர்லகூட பிடிச்சு வெச்சிருப்போம். உங்க அண்ணன் தன் ஷேவிங் கிண்ணத்துலகூட பிடிச்சாரு. அப்புறம் தினம் தண்ணி வர ஆரம்பிச்சுது. யாரும் எங்களைத் திட்டல, சோதனை போடல. ஒரு வாரத்துல நாங்களா குடத்தைக் கவுத்து வெச்சுட்டோம்."

தியரி அவளையே பார்த்தாள்.

"என்ன அப்படிப் பாக்கறே? இதுக்கு உன் புஸ்தகத்துல ஏதாவது பேர் இருக்கா?"

"பேர் இருக்கு. பக்கம்தான் எனக்கு இவ்வளவு நேரமா கிடைக்கல."

பதினொன்றரைக்கு, அண்ணிக்குப் பதிலாகத் தியரி நிர்வாகியின் அறையில் நின்றாள். கண்ணாடி மேஜை, மூன்று தொலைபேசி, சுவரோரமாகச் சாம்பல் நிற இரும்பு பீரோ.

"யாருன்னு தெரிஞ்சுதா?" என்றார் நிர்வாகி.

"தெரிஞ்சுது சார். யாரும் எடுக்கல. எல்லாரும் வெச்சிருக்காங்க."

"சுத்தி வளைக்காதம்மா. பேர் சொல்லு."

முந்தாநாள் காதில் மட்டும் வாங்கியது இப்போது தியரியின் மனதுக்கு வந்திருந்தது. நீலக்கரை போட்ட அறுபது. கஞ்சி அலச வராத அறுபது.

"சொன்னா எல்லார் பேரையும் சொல்லணும் சார். இந்த ரூமுல இருக்கறவங்களையும் சேத்து."

அவள் பார்வை பீரோ மேல் போயிற்று. நிர்வாகியின் பார்வை அவள் பார்வையைப் பின்தொடர்ந்து போய், பீரோவில் முட்டிக்கொண்டு நின்றது. ஒரு தொலைபேசி அடித்தது. அவர் எடுக்கவில்லை.

"அது அவசரத்துக்கு வெச்சிருக்கேன்" என்றார் கடைசியில்.

"அதேதான் சார். எல்லாரும் அதையேதான் சொல்றாங்க."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்ன பண்ணணும்கிறே?"

"நாளை மத்தியானம் வரைக்கும், லிஃப்ட் வாசல்ல ஒரு திறந்த அலமாரி. பூட்டு கிடையாது, கையெழுத்து கிடையாது. வேணுங்கறவங்க வேணுங்கறதை எடுத்துக்கலாம். முதல்ல உங்க அறுபது."

"பத்து நிமிஷத்துல காலியாயிடும்."

ஆகாது என்றாள் தியரி. ஆயிற்று. பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஒரு தண்ணி அலசித் தேய்த்த அறுபது நீலக்கரை விரிப்புகளும் மதியம் இரண்டேகாலுக்கு அலமாரியில் ஏறின. இரண்டு இருபத்துமூன்றுக்கு அலமாரி துடைத்து விட்ட மாதிரி இருந்தது. வார்டு ஆட்கள் மார்பளவு அள்ளிக்கொண்டு போனார்கள். மூன்றாவது வார்டு சிஸ்டரே பன்னிரண்டு எடுத்தார். தியரியைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார்.

நிர்வாகி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பினார்.

தியரி படியிறங்கினாள். "அண்ணி, எல்லாம் போச்சு."

"தண்ணி வந்த முதல் நாள் நாங்களும் இருக்கற பாத்திரத்துலயெல்லாம் பிடிச்சோம்." அண்ணி தள்ளுவண்டியில் ஒரு கட்டைத் தூக்கி வைத்தாள். "குழாய் நிக்காம இருக்கறதுதான் முக்கியம். பிடி அந்தப் பக்கம். இன்னைக்கு வார்டு வார்டா எண்ணிக் கொடுக்கப் போறதில்ல. துவைக்கிறதெல்லாம் அலமாரிக்குத்தான்."

"வார்டுல கேட்டா?"

"அலமாரியில இருக்குன்னு சொல்லு."

மூன்று மணிக்கு எண்பது ஏறியது. மூன்றே முக்காலுக்குக் காலி. நாலு மணிக்கு மறுபடி எண்பது. இந்த முறை ஐந்து மணி வரை தாங்கியது. ஐந்தேகாலுக்கு அண்ணி மறுபடி நிரப்பினாள். ஐந்தாவது வார்டிலிருந்து ஒரு ஆள் கை நீட்டியபடி வந்தான். அலமாரியை மேலிருந்து கீழ் பார்த்தான். ஒரு நொடி யோசித்தான்.

"இது நாளைக்கும் இருக்குமா?"

"இருக்கும்" என்றாள் அண்ணி.

"நாளான்னைக்கு?"

"இருக்கும்ப்பா."

அவன் இரண்டே இரண்டு எடுத்துக்கொண்டு போனான். தியரி தூணுக்குப் பின்னால் நின்று அண்ணியின் முந்தானையைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தாள். "விடு, இப்பதான் தேய்ச்சேன்" என்றாள் அண்ணி.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு அவர்கள் இருவரும் வந்தபோது அலமாரி நிறைந்திருந்தது. முதல் நாள் மாலை வைத்ததில் பதினொன்றுதான் குறைந்திருந்தது.

எட்டரைக்கு அழுக்குத் துணி வண்டிகள் வந்தன. அண்ணி மூன்றாவது வார்டு வண்டியில் கைவிட்டாள். மேலே ரத்தக்கறை படிந்த நாலு விரிப்பு. அடியில், ஒரு கறையும் இல்லாமல், மாதக்கணக்கில் மடித்தே கிடந்து மடிப்பில் மஞ்சளோடிய விரிப்புகள். இருபத்துநாலு.

ஆறாவது வார்டு வண்டியில் முப்பத்தொன்று. எட்டாவது வார்டு ஆள் ஒரு மெத்தையையே இறக்கினான். "இதை வெயில்ல போடச் சொன்னாங்க" என்றான். மெத்தை உறைக்குள் மெத்தை இல்லை.

யாரும் எதையும் விளக்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை. அண்ணி ஒவ்வொன்றையும் உதறி, முகர்ந்து பார்த்து, மெஷினில் போட்டாள். ஒருமுறை முகத்தை விரிப்பில் புதைத்துக்கொண்டாள். ஆவி கண்ணில் பட்டுவிட்டது என்றாள் பிறகு.

பன்னிரண்டு மணிக்கு நிர்வாகி தாமே படியிறங்கி வந்தார். அந்த அறைக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. ஆவியில் மூக்குக் கண்ணாடி மங்கிவிட, எந்தத் திசையில் பேசுவது என்று தெரியாமல் நின்றார்.

"எவ்வளவு?"

"நூத்தி எண்பத்தேழு சார்" என்றாள் தியரி. "இன்னும் இருபத்துமூணு வரல."

"அதுக்கு என்ன தியரி?"

"தெரியல சார். கிழிஞ்சிருக்கலாம். நோயாளியோட போயிருக்கலாம். எல்லாத்தையும் விளக்கிட்டா நான் ஏன் டோக்கன் கிழிக்கிறேன்?"

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அண்ணியைத் தேடிப் பிடித்தார். "நான் அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது. எல்லாருக்கும் தெரியற மாதிரி எழுதி நோட்டீஸ் போர்டுல ஒட்டிடறேன். நாளைக்கு வந்துடுங்க. அலமாரி அங்கேயே இருக்கட்டும். அது உங்க பொறுப்பு."

"பூட்டு வேண்டாமே சார்?"

"வேண்டாம்" என்றார். கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான் சொன்னார்.

மாலை ஆறு மணி. கூட்டம் வாசலை நோக்கி நகர்ந்தது. அண்ணி பழக்கதோஷத்தில் காவலாளி முன்னால் நின்று பையை நீட்டினாள். காவலாளியின் கையும் பழக்கதோஷத்தில் நீண்டது. பாதி வழியில் அதற்கு நோட்டீஸ் போர்டு ஞாபகம் வந்தது போலிருக்கிறது. மடங்கிக்கொண்டது.

"போங்கக்கா."

அண்ணி நகரவில்லை. "பாத்துடுங்களேன்."

"எதுக்கு? குடையும் சாப்பாட்டு டப்பாவும்தானே. எனக்கே மனப்பாடம்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணி வாசலைத் தாண்டினாள். பத்தடி வரை பை மார்போடுதான் இருந்தது. தெருமுனை திரும்பும்போது தியரி கவனித்தாள்: பை கைக்கு இறங்கியிருந்தது. நடைக்குத் தகுந்தாற்போல முன்னும் பின்னும் ஆடியது.

"நாளைக்குப் பரீட்சைன்னியே, ஏதாவது படிச்சியா?" என்றாள் அண்ணி.

"புஸ்தகத்தைத் தொடவே இல்ல அண்ணி."

"அப்ப என்ன எழுதப் போறே?"

"ஏழாம் அத்தியாயம் வந்தா நாலு பக்கம் எழுதுவேன். உதாரணத்துக்கு உங்க தெருக் குழாய்."

"ஷேவிங் கிண்ணத்தை எழுதாதே. உங்க அண்ணன் கோவிச்சுப்பாரு" என்றாள் அண்ணி. பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, தலை நிமிர்ந்து, வருகிற பேருந்தின் எண்ணைப் பார்த்தாள்.